துவக்கில்லாத ரோபோ

கிளென் வேவர்லி ரயிலில், வேலை உடுப்போடு இரண்டு பேர் எனக்கு முன்னால் இருந்தார்கள். ஒருவர் போனில் ரோபோச் சண்டை விளையாட்டைத் திறந்தார்.

"என்ர ரோபோவின்ர துவக்கைக் கழட்டிப்போட்டன்."

"உனக்கென்ன விசரோ? பிறகு என்னத்தாலை சுடுறது?"

"பெரிய கேடயம் பூட்டினனான். மகள் யாழ்ப்பாணத்தில இருந்து விளையாடுறவள். அவளுக்கு முன்னால நிப்பன்."

"அவள் என்ன சொல்லுறாள்?"

"'அப்பா மறைக்கிறியள். துவக்கைப் பூட்டுங்கோ, இல்லாட்டி சிநேகிதியளோட சேர்ந்து விளையாடுவன்' எண்டுறாள்."

மற்றவர் சிரித்தார். "துவக்கைப் பூட்டன் மச்சான்."

"இந்தத் தற்காலிக விசாவோட அங்க போகவும் ஏலாது, அவளைக் கூப்பிடவும் ஏலாது. இதிலதான் பக்கத்தில நிக்கிறன்."

தகப்பன் போனுக்குக் குனிந்தார். பிறகு கேடயத்தைக் கழற்றினார், துவக்கைப் பூட்டினார்.

"இனி எங்க நிப்பாய்?"

"அவளுக்குப் பின்னால."