கை நனைக்க அழைத்தவன்

என்னைப் பேச அழைத்துவிட்டு, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிற ஓட்டல் தொழிலாளர் சங்கத் தலைவர், அன்புக்குரிய பாலகோபால் அவர்களே! அடுப்பின் அனலிலே வெந்து, அடுத்தவர் வயிற்றைக் குளிர வைக்கும் சமையல் செம்மல்களே! தட்டேந்தியே தளர்ந்துபோன தங்கக் கைகளே! கோவையிலிருந்தும் கிணத்துக்கடவிலிருந்தும் வந்து குழுமியிருக்கும் பெரியோர்களே, பெற்றெடுத்த தாய்மார்களே! முன்வரிசையில் முக்காடிட்டு, தலை நிமிராமல் அமர்ந்திருக்கும் என் தங்கை ரம்ஜான் பீவியே! உங்கள் அத்தனை பேரையும் இந்தத் தேங்காய் வியாபாரி சுப்பையன் கைகூப்பி வணங்குகிறேன்.

என் நண்பன் ஜபருல்லா மறைந்து ஓராண்டு ஆகிறது. மாரடைப்பு வந்து, மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே மாண்டுபோனான். அவன் யார்? இந்த ஓட்டலின் விருந்து மண்டபத்துக்குக் கேப்டன், பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவன். கறுப்புக் கோட்டு, கழுத்திலே கட்டிய வண்ணத்துப்பூச்சி டை, கலையாத தலை, கனிந்த முகம். ஆனால் எனக்கு அவன் முதலில் கொடுத்தது விருந்து அல்ல, ஒரு கிளாஸ் டீ. பின்வாசலில் தேங்காய் மூட்டையோடு வந்து இறங்கிய என்னிடம், "ஏனுங்க, மூட்டை எங்கீங்க போகப்போகுது? மொதல்ல டீயைக் குடிங்க" என்றான். அன்றைக்குப் பிடித்த சிநேகம். என் மனைவி மாரியாத்தாளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. அவனை அண்ணா என்றே கூப்பிட்டாள். அண்ணா என்று கூப்பிட்டவளுக்கு அவன் கடைசி வரைக்கும் அண்ணனாகவே இருந்தான். அவன் மனைவி ரம்ஜான் பீவி எனக்குத் தங்கை ஆனாள்.

தொண்ணூற்றிரண்டாம் வருடம், தை மாதம். என் மகள் கிருபாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு உடுமலைப்பேட்டை. "இன்னும் என்னங்க மாமா பந்தி, பாய், வாழை எலைன்னுட்டு? ஓட்டல்ல பஃபே வெச்சுப்போடலாமுங்க" என்று சொந்தத்தில் ஒருவன் கிளப்பிவிட்டான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இதே மண்டபத்தில் ஏற்பாடு செய்தோம்.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. மேசை நிறையப் பண்டம். வெள்ளிபோல் மின்னும் பாத்திரம். அடுக்கி வைத்த தட்டு. ஆனால், அன்பர்களே, அந்தத் தட்டை எடுக்க ஓர் ஆள் வரவில்லை! மாப்பிள்ளை வீட்டார் ஐம்பது அறுபது பேரும் சுவரோரமாய்ப் போட்ட நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன்? "சாப்பிட வாங்க" என்று அவர்களை யாரும் அழைக்கவில்லை! அழைக்காத சோற்றுக்கு எழுந்து போவாரா நம் கொங்கு நாட்டார்? ஓட்டல்காரர்கள் அழைப்பார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அவரவரே வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று ஓட்டல்காரர்கள் நினைத்தார்கள். மதிக்காத வீட்டில் எதற்குப் பெண்ணெடுப்பது என்று மாப்பிள்ளை வீட்டார் நினைக்க ஆரம்பித்தார்கள்.

அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள்! இன்றைக்கு நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிக்க முடியுமா? பெண் வீட்டில் கை நனைத்தால்தானே சம்பந்தம்? கை நனைக்காமல் எழுந்து போனால் அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்ததாகத்தானே அர்த்தம்? மாப்பிள்ளையின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். "கெளம்பலாமுங்களா?" என்று தம் ஆட்களைப் பார்த்துக் கேட்டும்விட்டார். பட்டுச்சேலை கட்டிய என் மகள் தூணோரம் நின்று அழுகிறாள். இத்தனை நேரம் கழித்துப் பெற்றவன் நான் போய் அழைத்தால், ஒப்புக்கு அழைத்ததாகத்தானே நினைப்பார்கள்?

அப்போதுதான் வந்தான் ஜபருல்லா! விருந்தினர் முன்னால் கோட்டைக் கழற்றக் கூடாது என்பது ஓட்டல் சட்டம். அவன் கழற்றினான். டையை உருவிச் சட்டைப் பைக்குள் திணித்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு நேரே போய்ப் பெரியப்பா முன்னால் கைகூப்பி நின்றான்.

"ஏனுங்க பெரியவரே, எந்திரிங்க. கை நனைக்க வாங்க. தட்டை நீங்க புடிக்க வேண்டாமுங்க, நான் புடிக்கறனுங்க."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "கூப்படறதுக்கு நீங்க ஆருங்க?"

"புள்ளைக்கு மாமனுங்க."

"பேருங்க?"

"ஜபருல்லாங்க."

பெரியவர் என் மகளைப் பார்த்தார். அவள் அழுத கண்ணோடு, "ஆமாங்க, எங்க மாமனுங்க" என்றாள்.

தோளில் போட்ட துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டே அவர் எழுந்தார். "தாய்மாமன் வந்து கூப்பிட்டதுக்கப்புறம் உக்கோந்திருந்தா மரியாதைங்களா? எல்லாரும் எந்திரிங்கப்பா!"

எழுந்தார்கள் ஐயா, எழுந்தார்கள்! ஒவ்வொருவரிடமும் போனான், ஒவ்வொருவரையும் அழைத்தான், ஒவ்வொரு தட்டையும் ஏந்தினான். கடைசிக் கை நனைந்த பிறகுதான் அவன் வாயில் தண்ணீர் பட்டது. "சட்டத்தை மீறிக் கோட்டைக் கழட்டிப்போட்டியே, வேலை போயிருந்தா என்னப்பா பண்ணுவே?" என்று கேட்டேன். "கோட்டுப் போட்டுட்டுக் கூப்பிட்டா ஓட்டல் கூப்படறதுங்க. கழட்டிப்போட்டுக் கூப்பிட்டாத்தானுங்க ஊடு கூப்படறது" என்றான். பாவிப்பயல், அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தான்!

வந்தவரை எல்லாம் வாஞ்சையோடு அழைத்தவனே, உன்னை யாரடா அவ்வளவு அவசரமாக அழைத்தது? போய்விட்டாயே! நீ இல்லாமல் இந்த மண்டபத்துக்குள் நுழையவே எனக்குக் கால் வரவில்லையடா!

அன்பர்களே, பக்கத்து அறையில் விருந்து காத்திருக்கிறது. ஆனால் கூட்டம் தொடங்குமுன் என் தங்கை ரம்ஜான் பீவி என்னிடம், "எனக்கு வேண்டாங்கண்ணா. அவரு நின்னு பரிமாறுன எடத்துல எனக்குச் சோறு எறங்காதுங்க" என்றாள். அழைக்க வேண்டியவன் நானில்லை, அம்மணி. உன்னை அழைக்கிற உரிமை உள்ளவள் இதோ, கீழே உன்னிடம் வந்துகொண்டிருக்கிறாள்.

கிருபா, குழந்தையைப் பாட்டியிடம் கொடு கண்ணு. கைகூப்பிக் கூப்பிடு. அன்றைக்கு மாமன் கூப்பிட்டானே, அதேபோலச் சத்தமாகக் கூப்பிடு. இங்கே இருக்கிற எல்லோருக்கும் கேட்கட்டும்.

"அத்தை, எந்திரிங்க. கை நனைக்க வாங்க. உங்க தட்டை நான் புடிக்கறனுங்க."

எந்திரிச்சுட்டா! என் தங்கச்சி எந்திரிச்சுட்டா! தலைவர் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், நான் முடித்துவிட்டேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, அவனைப் பெற்ற மண்ணுக்கு நன்றி. தோளில் போர்த்திய சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு, இதோ இறங்கி வாரேனுங்க. ஒவ்வொருவரிடமும் வந்து அழைப்பேன். வணக்கம்.