உயிரோடு இருப்பவனுக்கு இரங்கற்பண் வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் கர்னல் மன்ரோ அவர்களே, அவருக்கருகே வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, கடலோடிக் களைத்த பெரியோர்களே, குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கருப்புத் துணி கட்டிய சன்னல்களுக்குள் கண்மூடாது காத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தாமதமாக வந்தமைக்கு மன்னிப்பு வேண்டுகிறேன். பேருந்தைக் குறை சொல்ல மாட்டேன். அது நேரத்துக்கே வந்தது. இந்த மன்றத்தின் கதவருகே நான்தான் நின்றுகொண்டிருந்தேன். கைப்பிடியைப் பற்றத் துணிவு வரவில்லை.

ஜூன் மாதம் பிரான்சுக் கடற்கரையில் நம் படைப்பிரிவு எதிரியால் சுற்றி வளைக்கப்பட்டது. நம் ஊர்ப் பைக்குழல் அணியினர் அத்தனை பேரையும் காணவில்லை என்று தந்தி சொல்கிறது. வரும் சனிக்கிழமை தேவாலய வாசலில் அவர்களுக்காக இரங்கற்பண் வாசிக்க வேண்டும் என்று இம்மன்றத்தின் குழு கேட்கிறது. வாசிக்க இவ்வூரில் எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தி. காணாமற்போனவர்களில் ஒருவன் என் தம்பி யூவன்.

இக்கலையை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. பெண்ணொருத்திக்கு யார் கற்பிப்பார்? மாட்டுக்கொட்டிலில், மாடுகளின் முகச்சுளிப்பைப் பொறுத்துக்கொண்டு நானே கற்றேன். சிரியுங்கள் ஜெஸ்ஸி அக்கா, அன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது உங்கள் மாடுதான்.

தானே கற்றவளும் தவறாத வழக்கம் ஒன்று பைக்குழலர் எங்களுக்கு உண்டு. இரங்கற்பண்ணைப் பழகும்போது எவரும் முடிவுவரை வாசிப்பதில்லை. கடைசி அடிக்கு முன்னே விரலை எடுத்துவிடுவோம். முழுதாக ஒலித்துவிட்டால் அது யாரோ ஒருவருடைய சாவுக்கு உரியதாகிவிடும். அஞ்சுகிறோமா? ஆம், அஞ்சுகிறோம். ஏன் அஞ்சுகிறோம் என்பதற்கு என் தந்தை மர்டோவே சாட்சி.

சென்ற போரில் அவர் படையணியின் பைக்குழலர். முன்னேறும்போது வாசிப்பார், வீழ்ந்தவரைப் பின்னர் தூக்கிவருவார். அப்படித் தூக்கப் போன ஒரு நாளில் அவரும் வீழ்ந்தார். காணவில்லை என்றொரு தந்தி வந்தது. ஊர் பொறுத்தது, பின் பொறுமையிழந்தது. அவருடைய நண்பர் ஹெக்டரே தேவாலய வாசலில் நின்று, கடைசி அடிவரை, கண்ணீர் வழிய வாசித்து முடித்தார். அந்த நேரத்தில் என் தந்தை எங்கே இருந்தார்? எதிரியின் மருத்துவமனையில், கஞ்சி குடித்துக்கொண்டு உயிரோடு இருந்தார்.

போர் முடிந்து அவர் ரயிலை விட்டு இறங்கினார். நிலைய அதிகாரி டானி விளக்கை அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"மர்டோ, நீ செத்துட்டியேப்பா. உனக்கு வாசிச்சாச்சே."

"யாரு வாசிச்சது?"

"ஹெக்டர்."

"நல்லா வாசிச்சானா?"

"ஊரே அழுதுச்சு."

"அப்ப சரி. குறை ஒண்ணும் இல்ல."

நீங்கள் சிரிக்கிறீர்கள். டானியும் சிரித்தார். அதன்பின் சிரிப்பு நின்றது. தனக்காகப் பண் முடிந்தவனைத் திருமணத்தில் வாசிக்க யார் அழைப்பார்? கப்பல் புறப்படும்போது யார் அழைப்பார்? எவரும் அவரை விரட்டவில்லை. எவரும் அவரருகே அமரவுமில்லை. உணவு மேசையில் ரொட்டியைக் கையில் பிடித்தபடி என் தாயிடம் கேட்பார்: "ஏம்மா, நான் இங்க இருக்கேன்தானே?" தாய் அவர் கையைத் தொட்டுக் காட்டுவார். ஒவ்வொரு வேளையும் தொட்டுக் காட்டுவார். அவர் சாகும்வரை அந்தக் கேள்வி ஓயவில்லை. அவருடைய பைக்குழலில் மூச்சு புகவுமில்லை.

அந்தப் பைக்குழலைத்தான் யூவன் கொண்டுபோனான். தோற்பையை மாற்றித் தைத்துக் கொடுத்தவள் நான். தப்பி வந்த படைவீரன் ஒருவன் என் வாசலில் நின்று சொன்னான்: "உங்க தம்பி பைக்குழலைச் சுவரோரம் சாத்தி வெச்சுட்டு, அடிபட்டவங்களைத் தூக்க ஓடுனான். அவ்வளவுதான் பாத்தேன்." அவ்வளவுதான். அதற்குமேல் நான் அறியேன். அறியாத இடத்தில்தான் என் அச்சம் குடியிருக்கிறது.

சொல் பெஸ்ஸி, எழுந்து நின்றே சொல். உன் கணவனும் அங்கேதானே இருக்கிறான்.

"எனக்கு அழுது முடிக்கணும், டோலினா. கதவு தட்டுதுன்னு எத்தனை வாட்டி எழுந்து ஓடறது? காத்து தட்டுது, நாய் தட்டுது. என்னால முடியல."

அறிவேன் பெஸ்ஸி. என் வீட்டுக் கதவையும் காற்று தட்டுகிறது. அவன் வரமாட்டான் என்பது உன் அச்சம். நாம் வாசித்து முடித்தபின் அவன் வந்துவிடுவான் என்பது என் அச்சம். வந்து, உன் மேசையில் உட்கார்ந்து, நான் இருக்கிறேனா என்று உன்னையே கேட்டால் என்ன சொல்வாய்? கையைத் தொட்டுக் காட்டுவாயா? எத்தனை காலம் காட்டுவாய்?

நீங்கள் கேட்டபடி என் பைக்குழலைக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் ஒலியெழுப்பும் சீவாளி இதில் இல்லை. கொட்டிலில் கழற்றி வைத்துவிட்டேன். பெஸ்ஸியின் முகத்தைப் பார்த்தால் மனம் இளகி இங்கேயே வாசித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. சனிக்கிழமை நான் வருவேன், சீவாளியோடு வருவேன். அவர்கள் துறைமுகத்துக்கு நடந்தபோது வாசித்த அதே நடைப்பாட்டை வாசிப்பேன். உயிரோடு இருப்பவர் கேட்கலாம். இறந்தவருக்கும் அதில் இழிவில்லை. இரங்கற்பண் உறுதியான செய்தி வரும்வரை காத்திருக்கட்டும். அந்தச் செய்தி வருமானால், பெஸ்ஸி, உனக்காகக் கடைசி அடிவரை நானே வாசிப்பேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி, வணக்கம். தலைவர் அவர்களே, சம்மதமா இல்லையா என்று இன்றே சொல்லுங்கள். பேருந்து புறப்படும்முன் எனக்குப் பதில் வேண்டும்.