சுற்றாத கொடி

பஸ் டிரைவர் இரண்டாம் முறை ஹாரன் அடித்துவிட்டான். நான் இன்னும் கடைக்குள் இரும்புக் கம்பத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணிக்கொடி வாங்கும்போது அவசரப்படக் கூடாது, இன்ஸ்பெக்டர். தோட்டத்தில் ஒருமுறை நட்டால் ஆயுசுக்கும் அதுதான்.

என் கணவர் டோர்மட் எப்படி இறந்தார் என்றுதானே கேட்டீர்கள்? கொடியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

ஸ்டோர்னோவே டவுன் கடைக்காரி கென்னா, குடை போல விரியும் கொடியைக் காட்டினாள். "இதை எடுத்துக்கோ எஃபி அக்கா. காத்தடிச்சா தானா சுத்தும். நின்ன இடத்துலயே நின்னு எல்லாத்தையும் போட்டுரலாம்."

"சுத்தக் கூடாதும்மா. போட்ட துணி போட்ட இடத்துல நிக்கணும்."

"நம்ம லூயிஸ் தீவுக் காத்துக்கு டோர்மட் அண்ணனே நிக்க மாட்டார், துணி நிக்குமா?" என்று சிரித்தவள், அவருக்குப் பக்கவாதம் என்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு கம்பமும் நடுவே கட்டத் தடித்த கம்பியும் வாங்கினேன். ஈரக் கம்பளிகள் நான்கைத் தாங்குமா என்று கேட்டுத்தான் வாங்கினேன். தெருவை ஒட்டி, வேலிக்கு உள்பக்கமாக நட்டேன்.

அதுவரை எங்கள் வீட்டில் கொடியே கிடையாது. டோர்மட் எங்கள் தேவாலயச் சபையின் மூப்பர். மூப்பர் வீட்டுத் துணி காற்றில் ஆடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "ஊர் பாக்கும்டி" என்பார். நான் சத்தமாகச் சிரித்தாலும் அதேதான். அடுப்புப் புகை நாறும் துணிகளை உடுத்தியே எனக்கு வயதாகிவிட்டது.

ஒரு ஞாயிறு, எங்கள் மகள் மோராக் தன் கைக்குழந்தையின் துணிகளை வேலியில் உலர்த்தினாள். நீங்கள் வெளியூர், எங்கள் தீவில் ஞாயிறு ஓய்வுநாள், அன்று துணி உலர்த்துவதே பாவம். டோர்மட் அவளையும் குழந்தையையும் ஆலங்கட்டி மழையில் வெளியே அனுப்பினார். தாழ்ப்பாள் போடச் சொன்னது அவர், போட்டது நான். தேவாலயத்துக்குப் போனவர்கள் வேலியில் துணியைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் ஊர் மரியாதை அது. கதவருகே குழந்தையோடு நின்ற என் மகளை ஒருவரும் பார்க்கவில்லை. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, அந்த வாரமே உயிர் போய்விட்டது. மோராக் அதன்பின் தீவுப் பக்கமே வரவில்லை.

பல வருஷம் கழித்து டோர்மட் சக்கர நாற்காலியில் விழுந்தபோது, பேச்செல்லாம் போய் ஒரு சொல்தான் மிஞ்சியது. பசித்தாலும், படுக்கை நனைந்தாலும், "பாக்கும், பாக்கும்."

போன ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை, நான்கு கம்பளிகளையும் நனைத்துக் கொடியில் போட்டேன். சுவர் எழுப்பியது போல நின்றன. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தேவாலயத்துக்கு நடந்தேன். எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என் இடத்தில் உட்கார்ந்து வேதாகமச் சங்கீதம் பாடினேன். எங்கள் போதகர் பிரசங்கத்தை லேசில் முடிக்க மாட்டார். அன்று எனக்கு அது நீளமாகவே தெரியவில்லை.

வாசலில் பக்கத்து வீட்டுப் பெகி கையைப் பிடித்து இழுத்தாள். "ஏன்டி, கிறுக்குப் பிடிச்சிருச்சா? ஓய்வுநாள்ல கம்பளியா? அதுவும் மூப்பர் வீட்டுல?"

"ஈரமாயிருச்சு பெகி."

"நாங்க தலையைத் தூக்காம வந்தோம். யார் ஆடோ உங்க தோட்டத்துல புகுந்து கத்திக்கிட்டே கெடந்துச்சு. திரும்பிப் பாக்க முடியுமா? பாத்தா எங்களுக்கும்ல பாவம்."

திரும்பி வந்தபோது கம்பளிகள் ஈரம் உறைந்து பலகை போல விறைத்திருந்தன. இப்போதும் காற்றடித்தால் அவை கடகடவென மோதும் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் நின்றால் தேவலை என்று இருக்கும். நின்றதும் இன்னொன்று கேட்கும். இந்த அறையில் கொடி இல்லையே என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன்.

பெகி சொன்ன ஆட்டைப் பற்றி விசாரிக்கத்தானே வந்தீர்கள்? தோட்டத்தில் ஆடு எதுவும் புகவில்லை. கம்பளிகளுக்குப் பின்னால் டோர்மட்டின் நாற்காலி இருந்தது. சட்டை மட்டும் போட்டிருந்தார். சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் ஊரே நடந்து போனது. அவர் "பாக்கும், பாக்கும்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் அவர் மேல் கைகூட வைக்கவில்லை. ஓய்வுநாளில் துணி காயப்போட்டேன். அந்தப் பாவத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.