சவப்பெட்டிச் சந்துக்கு நான் வைத்த பெயர்

“தாத்தா பெட்டி அடிச்ச சந்துடா இது. பூ வித்தாங்களாம், பூ. யாருடா வித்தா, உன் மாமியாரா?”

“அண்ணே, மெதுவாப் பேசு. காப்பிக் கடையில எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். அவங்களையே கேளு, இது என்ன சந்துன்னு.”

அண்ணன் தெய்க் செங் என்னோடு போட்ட கடைசிச் சண்டை அது. பினாங்கில் தெருக்களுக்குப் பெயர் வைப்பது ஜனங்கள்தான். செம்பு தட்டிய தெரு, கயிறு திரித்த தெரு என்று அங்கே நடந்த தொழிலே பெயராகிவிடும். எங்கள் சந்து சவப்பெட்டிச் சந்து. பட்டறைகள் மூடி நாற்பது வருடம் ஆகியும் பெயர் போகவில்லை. அரசாங்க ஏட்டில் அதற்குப் பெயரே கிடையாது. போன வருடம்தான் பலகை வைக்கப் பெயர் கேட்டுப் படிவம் வந்தது. பூச்சந்து என்று எழுதினேன். கோயிலுக்குப் பூ விற்ற ஒருத்தி முனையில் உட்கார்ந்திருந்ததாக எனக்கு ஞாபகம்.

காரணம் என் மகள் சியூ ஹூன். வயது முப்பத்தைந்து. முதலில் வந்த சம்பந்தம் சந்தின் பெயரைக் கேட்டதும் நின்றுபோனது. இரண்டாவது மாப்பிள்ளையின் அம்மா சீனத்தில் சாவு மாதிரி ஒலிக்கிறது என்று, நல்ல காரியத்தில் நாலு என்ற எண்ணைக்கூட வாயால் சொல்லமாட்டார். அவரிடம் பூச்சந்து என்றே சொல்லிவைத்தேன்.

அவர்கள் சீர் கொண்டுவந்த காலை. ஆரஞ்சு, பன்றிக்கால், சிவப்பு மெழுகுவர்த்தி எல்லாம் கூடத்தில் இருந்தன. மாடியில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டதாக என் மனைவி வந்து காதில் சொல்லிவிட்டு மேலே ஓடினாள். நான் உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இடம் பூச்சந்து என்றேன்.

பத்து நிமிடத்தில் ஓட்டுநர் போன் செய்தார். “அங்கிள், பூச்சந்துன்னா இங்க யாருக்கும் தெரியல. சவப்பெட்டிச் சந்தா?”

“இல்ல. பூச்சந்து.”

“யாரு?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“கேஸ் சிலிண்டர் கொண்டு வர்ற ஆளு. வழி தெரியலயாம்.”

“வழி தெரியாதவனுக்கெல்லாம் வேலை குடுக்குறாங்க” என்று சிரித்தார்.

மறுபடி போன். “அங்கிள், சவப்பெட்டிச் சந்து முனையிலதான் நிக்கிறேன். உள்ள வரவா? ஆமான்னு மட்டும் சொல்லுங்க.”

“அது வேற இடம்” என்றேன்.

சைரன் எனக்கும் கேட்டது. பிறகு தள்ளிப் போனது.

வாசல் ஏழு அடி தூரம்தான். போய்க் கை காட்டியிருக்கலாம். ஆனால் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் சம்பந்தியை விட்டு எழுந்து போவது மரியாதை இல்லை. இன்னொரு கிண்ணம் ஊற்றினேன். அவர்களை அனுப்பிவிட்டு மாடி ஏறினேன். அண்ணனின் கையைத் தேய்த்துக்கொண்டே மனைவி கேட்டாள், “இன்னும் வரலயா?” கை அதற்குள் குளிர்ந்திருந்தது.

மகள் அந்த ஓட்டுநரைத் தேடிப் பிடித்துப் பேசியிருக்கிறாள். சீரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போகும்போது, “நீங்க எந்தச் சந்துலப்பா இருக்கீங்க?” என்று மட்டும் கேட்டாள். ஏழு மாதமாகப் போன் எடுப்பதில்லை.

நான் ஓட்டுநரிடம் பொய் சொல்லவில்லை. அதை அவளுக்குக் காட்டவேண்டும். எங்கள் சந்தில் வளர்ந்தவர்கள் இந்தக் குழுவில் பலர் இருக்கிறீர்கள். பூச்சந்து என்று யாராவது சொல்லி நீங்கள் எப்போதாவது கேட்டிருந்தால் கீழே பதில் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் போதும்.