சூளையில் சுருங்கியது

வேல்விழி: ...சிரிக்காதீங்க. இங்கிலீஷ் கிளாஸ் டீச்சரு ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை குடுக்கறாங்க. அத வெச்சு வூட்ல அஞ்சு வாக்கியம் பேசணும்.

கொளஞ்சியப்பன்: சரி, இன்னைக்கு என்னா?

வேல்விழி: எக்ஸாஜரேட்.

கொளஞ்சியப்பன்: பேரே பெருசா இருக்குது. அர்த்தம்?

வேல்விழி: இருக்கறத வுடப் பெருசாக்கிச் சொல்றது. நாலு தூத்தல் போட்டா ஊரே முழுவிப் போச்சும்பாங்கல்ல...

கொளஞ்சியப்பன்: அதாவது பொய்யி.

வேல்விழி: இல்ல. உள்ளார கொஞ்சமாச்சும் நெசம் இருக்கணும். இல்லாததச் சொன்னா அதுக்கு வேற வார்த்தையாம்.

கொளஞ்சியப்பன்: அப்ப எங்க தொழிலே அதுதான். பத்து இஞ்சு பொம்மைக்குப் பதினொன்னர இஞ்சுல அச்சு போடுவோம். காஞ்சு, சூளையில வெந்து வரப்ப சுருங்கிரும்ல.

வேல்விழி: இருங்க, நோட்ல எழுதிக்கறேன். டீச்சரு அசந்துடுவாங்க.

கொளஞ்சியப்பன்: செராமிக் கம்பெனி சூப்பர்வைசரு பொண்டாட்டின்னா சும்மாவா?

வேல்விழி: ம்... நல்லவேளை ஞாபகப்படுத்துனீங்க. எங்கண்ணன் நாளைக்குக் காலையில நல்லூர்லேருந்து வராரு.

கொளஞ்சியப்பன்: தங்கதுரையா? எதுக்கு?

வேல்விழி: மவன் திலீபன உங்க கம்பெனியில சேக்கணுமாம். காதுகுத்துல நீங்கதான சொன்னீங்க, என் கைக்குக் கீழ முப்பது பேருன்னு. அத நம்பி அவன் பாத்த வேலையையும் வுட்டுட்டானாம்.

கொளஞ்சியப்பன்: அடப்பாவி... எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாம்?

வேல்விழி: ஏன், நீங்க சொன்னா எடுக்க மாட்டாங்களா?

கொளஞ்சியப்பன்: அதில்ல... முப்பதுன்னா... கரெக்டா முப்பதுன்னு சொல்ல முடியாது...

வேல்விழி: அது அச்சு அளவு. வெந்து வெளிய வந்தா எத்தினி பேரு?

கொளஞ்சியப்பன்: பத்து இருக்கும்.

வேல்விழி: இன்னும் வேவலீங்க.

கொளஞ்சியப்பன்: ...நாலு.

வேல்விழி: சரி, அஞ்சாவதா திலீபன சேத்துக்குங்க.

கொளஞ்சியப்பன்: வேலு... அண்ணனுக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடு.

வேல்விழி: ஏன்?

கொளஞ்சியப்பன்: சூளை அணைஞ்சு ரெண்டு மாசமாச்சு. கேட்டுல பூட்டு தொங்குது.

வேல்விழி: அப்ப தினமும் டிபன் பாக்ஸ தூக்கிகிட்டு எங்க போறீங்க?

கொளஞ்சியப்பன்: வேப்பூரு. ஹைவே ஓட்டல்ல பரோட்டாவுக்கு மாவு பெசையறேன். ஊரெல்லாம் சூப்பர்வைசருன்னு பீத்திகிட்டு... எந்த மூஞ்சிய வெச்சு உங்கிட்ட சொல்றது? வெக்கமா இருந்துச்சு... போன போடு, அவரு பஸ்ஸு ஏறிடப் போறாரு.

வேல்விழி: அண்ணன் வரலீங்க. திலீபனும் வேலைய வுடல. அது எக்ஸாஜரேட் இல்ல, சுத்தப் பொய்யி. உங்க சட்டையில மண்ணு போயி பரோட்டா எண்ண வாசன வந்துச்சு பாருங்க, அந்த வாரமே நான் இந்த கிளாஸுல சேந்துட்டேன். திங்கக்கிழமைலேருந்து ஜங்சன் ரோட்டு கொரியர் ஆபீஸ்ல எனக்கு வேலை... மேனேஜரு இல்லீங்க, போன எடுத்துப் பேசற வேலைதான். நான் வெந்து வந்த அளவையே சொல்லிட்டேன்.