தோளில் இரண்டு தட்டு

இரவு பதினோரு மணி. மில்லில் இருந்து வரும் சாலை... ஈ காக்காய் இல்லை. நடுவில் எழுந்து போகிறவன் இப்போதே போய்விடு. அப்புறம் தனியாகப் போகப் பயமாயிருக்கிறது என்று என் உயிரை வாங்காதே.

நடந்தது நம்ம தையல்காரனுடைய மாமாவுக்கு. காலாட்படையில் இருந்தவர். போர் முடிந்து நாலு வருஷமாகியும் ஒரு ராத்திரி நிம்மதியாகக் கண்ணை மூடாத மனுஷன். பாவம்.

ஷிப்ட் முடிந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு வருகிறார். யாரையும் தனக்கு முன்னால் நடக்கவே விடமாட்டார். அன்று சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அசதியில் யோசிக்கவில்லை, அவளை முன்னால் விட்டுவிட்டார்.

ஏன் விடமாட்டார் தெரியுமா? போரில் ஒரு ராத்திரி இவர்கள் படை பின்வாங்கியது. மூன்று நாளாகத் தூக்கம் கிடையாது. பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசி ஆள் முன்னால் போகிறவன் தோளில் இரண்டு தட்டு தட்டுவான். அவன் தனக்கு முன்னால் போகிறவனை. தட்டு தலைவர்வரை போனால் எல்லாரும் வருகிறார்கள் என்று அர்த்தம். நின்றால் மொத்தப் படையும் நிற்கும்.

கடைசி ஆள் மாமாவின் சிநேகிதன், மாமாவுக்கு நேர் பின்னால் வந்தவன். நெட்டையாக இருப்பான், ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். விடியும்வரை தட்டு வந்துகொண்டே இருந்தது. முகாமை அடைந்ததும், "வந்து சேந்துட்டோம்டா, உக்காரு" என்று சொல்லத் திரும்பினார் மாமா.

யாருமில்லை.

ஒட்டகம் ராத்திரி தாண்டி வந்த பாலத்திலேயே நின்றுவிட்டானாம். ஒரே ஆள், ஒரே துப்பாக்கி. துரத்தி வந்தவர்களை அரை மணி நேரம் மறித்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறான். அந்தப் பாலம் ஏழு மைல் பின்னால்...

அன்றிலிருந்து இருட்டில் நடந்தால் தட்டு வரும். மாமா வாங்கிக்கொள்வார், யாருக்கும் கொடுக்க மாட்டார்.

அந்தச் சாலையிலும் வந்தது. டப்... டப். பழக்க தோஷம், கை தானாகப் போய் மனைவியின் தோளைத் தட்டிவிட்டது.

அவள் நின்றாள். "என்னங்க... நீங்க சொன்ன அந்தத் தட்டா? எனக்கு முன்னாடி யாருமில்லையே. நான் யாரைத் தட்டுறது?"

இவளுமா இனி இதைச் சுமக்க வேண்டும்? மாமா விருட்டென்று திரும்பினார். வெறும் இருட்டு.

"வந்து சேந்துட்டோம்டா. போதும். உக்காரு."

தொப்பென்று மூட்டை மண்ணில் இறங்கும் சத்தம். தண்ணீர்க் குப்பி ஒருதரம் கிணுங்கென்றது. ஈரக் கம்பளி வாடை. நீண்ட பெருமூச்சு...

மாமா வாய்விட்டு அழுதார். நாலு வருஷத்து அழுகை.

மனைவியும் திரும்பி அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அவரு உக்காந்துட்டாருங்க," என்றாள் மெதுவாக. "அவருக்குப் பின்னாடி வரிசையா நிக்கிறாங்களே... அவங்களும் உங்க ஆளுங்கதானா?"