விலகி நின்ற புள்ளி

டீக்கு நன்றி. கொஞ்சம் ஆறிவிட்டது, பரவாயில்லை. டீயின் சூட்டை உதட்டிலேயே அளந்துவிடலாம். எங்கள் உலையில் அது முடியாது. சூரியனுக்குள் நடப்பதைச் சின்னதாக நடத்திப் பார்க்கும் உலை. உள்ளே சுழலும் வாயு பத்துக் கோடி டிகிரி. அதனால் தொடாமல் அளக்கிறோம். லேசரைப் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் அதைச் சிதறடிக்கும். அவை வேகமாக ஓட ஓட, சிதறிய ஒளியின் நிறம் விரியும். அது ஒரு வழி. அதே எலக்ட்ரான்கள் வெளிவிடும் நுண்ணலையைக் குழாய் வழியாக வெளியே கொண்டுவந்து அளப்பது இன்னொரு வழி. அந்தக் குழாய் கான்கிரீட் சுவரில் உள்ள ஓட்டை வழியாக வரும். ஓட்டைக்கு நேரே என் தங்கை உட்கார்ந்திருப்பாள்.

நுண்ணலைக் கருவி அவளுடையது. கதிர்வீச்சு எங்கே எவ்வளவு போகும் என்ற கணக்கு என்னுடையது. அங்கே ஆள் உட்காரலாம் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் கருவி, லேசர் காட்டியதைவிட இரண்டு மடங்கு வெப்பம் காட்டியது.

"ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரிண்ணா. ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு ஒத்துக்கவே மாட்டேங்குது," என்றாள். பிறகு சிரிக்காமல், "உள்ளே ஒரு கூட்டம் தறிகெட்டு ஓடுதுன்னு நினைக்கிறேன். அந்த எலக்ட்ரான் உலையோட சுவர்ல மோதினா எக்ஸ்ரே வருமே. உன் கணக்குல அது இருக்கா?"

"உன் கருவியை முதல்ல சரிபாரு," என்றேன்.

மதியமே அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டேன். ஓட்டை வழியே வருவது அனுமதித்த அளவைப்போல நாற்பது மடங்கு. சொன்னால் உலையை நிறுத்துவார்கள். ஒன்பது வருட உழைப்பு குப்பைக்குப் போகும். எங்கள் துறையில் வெப்பம் சூத்திரம் சொல்வதைவிட வேகமாகக் கசியும். ஏன் என்று முழுதாகத் தெரியாததால் எல்லாருமே விடை பொருந்துகிற மாதிரி ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிச் சரிக்கட்டுவோம். நானும் அப்படி ஓர் எண்ணால் பெருக்கி அவள் அளவைப் பாதியாக்கினேன். வரைபடத்தில் அவள் கோடு லேசரின் கோட்டோடு அழகாகப் பொருந்தியது.

"நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கட்டுமா?" என்று மறுநாள் கேட்டாள்.

"வேண்டாம்."

"நீ சொன்னா சரி."

சட்டையில் நாங்கள் குத்திக்கொள்ளும் கதிர்வீச்சை அளக்கும் வில்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகும். அளவு கூடினால் முதலில் ஒரு கேள்வி வரும்: வில்லையைக் கருவிமேல் மறந்து வைத்துவிட்டாரா? ஆம் என்றால் அந்த அளவைத் தள்ளிவிடுவார்கள். அவளுடையது கூடியபோதெல்லாம் கேள்வி என் மேசைக்கு வந்தது. வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுப்போகிற மறதிக்காரி அவள்; யாரும் சந்தேகப்படவில்லை. ஆம் என்று எழுதினேன். பன்னிரண்டு முறை. உங்கள் முன்னால் இருக்கும் பன்னிரண்டு தாள்களிலும் கையெழுத்து என்னுடையதுதான்.

ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் வேலையைப் பற்றித்தான் பேசினாள்.

"கருவியைப் பிரிச்சுப் பாத்தாங்களாண்ணா? தப்பு என்கிட்டதானா?"

"ஆமா," என்றேன்.

"சாரிண்ணா. உன்னையும் சேத்து அலைக்கழிச்சுட்டேன்."

போர்வையை இழுத்துவிட்டேன். அந்த வாரமே போய்விட்டாள்.

நான்தான் கொன்றேனா என்று கேட்டீர்கள். ஆம், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அறையில் பதினேழு பேர் வேலை பார்த்தோம்; பதினாறு பேர் நன்றாக இருக்கிறோம். அந்த ஒரு புள்ளியை மட்டும் விட்டுவிட்டுப் பாருங்கள், என் கணக்கு எவ்வளவு சரியாக வருகிறது என்று.